டிராக்டர் வேகச்சீராக்கி

டிராக்டர் வேகச்சீராக்கி (கவர்னர்) என்பது, உழவு இயந்திரத்தின் டீசல் பொறிக்குச் (எஞ்சினுக்குச்) செல்லும் எரிபொருளின் அளவைத் தானாகவே கூட்டியும் குறைத்தும், பொறியின் சுழற்சி வேகத்தை ஓட்டுநர் குறித்த அளவுக்கு அருகில் நிலைநிறுத்தும் கருவி ஆகும். பழைய டிராக்டர்களில் இது பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தும் பம்புடன் (டீசல் பம்புடன்) ஒன்றாக அமைந்திருக்கும். பொறி சீரற்று ஓடும்போதும், சுமையில் திணறும்போதும், வேகம் தணியாதபோதும் முதற் பழி கவர்னர் மீதே விழுவது வழக்கம். ஆயினும் இக்குறைகளுள் பல, எரிபொருள் வழியில் புகுந்த காற்று, அடைபட்ட வடிகட்டி, இறுகிய இணைப்புத் தண்டு போன்ற வெளிக் காரணங்களாலும் தோன்றுகின்றன. ஆகவே பம்பைக் கழற்றுவதற்கு முன் வெளிக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவதே பழுதறிதலின் அடிப்படை முறையாகும்.

வரலாறு

சுழலும் எடைகளின் மையவிலக்கு விசையைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை முதலில் காற்றாலைகளில் கையாளப்பட்டது. 1788-இல் சேம்சு வாட்டு இதனை நீராவிப் பொறிக்குப் பொருத்தினார். வேகம் கூடியும் குறைந்தும் மாறி மாறி ஊசலாடும் குறைபாடு இக்கருவிகளில் அடிக்கடி தோன்றியது. இதன் காரணத்தைக் கணித முறையில் ஆராய்ந்து சேம்சு கிளார்க்கு மாக்சுவெல் 1868-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டுப்பாட்டியல் என்னும் துறையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

ருடால்ஃப் டீசல் 1897-இல் தமது பொறியை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். செருமனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் டீசல் உட்செலுத்தும் பம்புகளைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இந்தியாவில் 1951-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனம் இவ்வகைப் பம்புகளைத் தயாரித்தது. இந்நிறுவனம் 2008 முதல் பாஷ் என்னும் பெயரைக் கொண்டுள்ளது.

தமிழ்நாட்டில் 1960-இல் மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. இதன் டிராக்டர்களுக்கு, 1840-இல் சென்னையில் தோன்றிய சிம்சன் நிறுவனம் பெர்க்கின்சு வழிவந்த பொறிகளை வழங்கியது. கொங்கு நாட்டின் ஊர்களில் இன்றும் ஓடும் பழைய மாசி பெர்குசன் டிராக்டர்கள் பல இவ்வகைப் பொறிகளைக் கொண்டவை.

தேவை

பெட்ரோல் பொறியில் உள்ளே செல்லும் காற்றைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவர். டீசல் பொறியிலோ பொதுவாகக் காற்று தடையின்றிச் செல்கிறது. எரிபொருளின் அளவே வேகத்தை முடிவு செய்கிறது. எரிபொருளின் அளவு மாறாதிருக்கச் சுமை திடீரென நீங்கினால், பொறியின் வேகம் பாகங்கள் உடையும் அளவுக்கு ஏறக்கூடும். சுமை சற்றே கூடினால் பொறி நின்றுவிடும். எனவே டீசல் பொறிக்கு வேகச்சீராக்கி இன்றியமையாதது.

பாரவுந்துகளில் (லாரிகளில்) மிகக் குறைந்த வேகத்தையும் மிகக் கூடிய வேகத்தையும் மட்டும் கட்டுப்படுத்தும் சீராக்கிகள் பரவலாகப் பயன்பட்டன. இடைப்பட்ட வேகங்களை ஓட்டுநரின் கால் பார்த்துக்கொள்கிறது. டிராக்டரில் எல்லா வேகங்களிலும் செயற்படும் சீராக்கி தேவை. ஓட்டுநர் கைநெம்புகோலை (ஆக்சிலரேட்டர் லீவரை) ஓரிடத்தில் வைத்துவிட்டு, உழவுச் சாலையையும் பின்னுள்ள கருவியையும் கவனிக்கிறார். கலப்பை இறுகிய மண்ணில் நுழைவதையும் வெளிவருவதையும் சீராக்கியே உணர்ந்து எரிபொருளை மாற்றுகிறது.

செயற்படும் விதம்

பம்பின் தண்டோடு சேர்ந்து சுழலும் எடைகள், வேகம் கூடும்போது வெளிப்புறம் விரிகின்றன. இவ்விரிவு ஒரு நெம்புகோல் வழியாக எரிபொருளைக் குறைக்கும் திசையில் தள்ளுகிறது. எதிர்ப்புறத்தில் ஒரு சுருள்வில் (ஸ்பிரிங்) எரிபொருளைக் கூட்டும் திசையில் இழுக்கிறது. இரு விசைகளும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைபெறுகிறது.

ஓட்டுநரின் நெம்புகோல் எரிபொருளை நேரடியாக மாற்றுவதில்லை. சுருள்வில்லின் இழுவிசையையே மாற்றுகிறது. அதாவது ஓட்டுநர் "இவ்வளவு வேகம் வேண்டும்" என்று குறிக்கிறார். அதற்கு வேண்டிய எரிபொருளைச் சீராக்கி முடிவு செய்கிறது.

மையவிலக்கு விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் மாறுவது. நிமிடத்துக்கு 2000 சுற்றுகளில் எடைகள் தரும் விசை, 600 சுற்றுகளில் தரும் விசையைப் போல் ஏறத்தாழ 11 மடங்காகும். குறைந்த வேகத்தில் விசை சிறிதாக இருப்பதால், ஊசிகளிலும் தண்டுகளிலும் உள்ள சிறு உராய்வும் அங்கே பெரிதாகத் தெரியும். தேய்மானமும் இறுக்கமும் முதலில் வெற்றோட்டத்தில் (ஐடிலிங்கில்) வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

வேக வீழ்ச்சி

சுமை ஏறும்போது வேகம் சற்றுக் குறைவது பழுதன்று. வேகம் குறைந்தால்தான் எடைகள் சுருங்கி, எரிபொருள் கூடும். இக்குறைவு வேக வீழ்ச்சி எனப்படும். சுமையற்ற வேகத்திலிருந்து முழுச்சுமை வேகத்தைக் கழித்து, முழுச்சுமை வேகத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் இதன் விழுக்காடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சுமையின்றி 2150 சுற்றுகளும் முழுச்சுமையில் 2000 சுற்றுகளும் ஓடும் பொறியின் வேக வீழ்ச்சி 7.5 விழுக்காடு ஆகும். வீழ்ச்சி மிகுந்தால் பொறி சோம்பலாக இருக்கும். வீழ்ச்சி மிகக் குறைந்தால் வேகம் ஊசலாடத் தொடங்கும்.

வகைகள்

இயந்திரமுறைச் சீராக்கி: சுழல் எடைகளும் சுருள்வில்லும் கொண்டது. வரிசைப் பம்பில் (இன்லைன் பம்பில்) இது பம்பின் ஒரு முனையில் தனி உறையில் அமையும். கட்டுப்பாட்டுத் தண்டை (ரேக்கை) நகர்த்தும். சுழல் பம்பில் (ரோட்டரி பம்பில்) எடைகள் பம்பின் உள்ளேயே இருந்து, அளவு வால்வைத் (மீட்டரிங் வால்வைத்) திருப்பும்.

நீர்ம அழுத்தச் சீராக்கி: சில சுழல் பம்புகளில் எடைகள் இல்லை. பம்பினுள் உள்ள டீசலின் அழுத்தம் வேகத்துக்கேற்ப உயர்ந்து, அளவு வால்வைச் சுருள்வில்லுக்கு எதிராக நகர்த்தும். இங்கே டீசலின் தூய்மையும் அழுத்தமும் சீராக்கியின் செயலை நேரடியாகப் பாதிக்கும்.

வெற்றிடச் சீராக்கி: காற்று உட்செல்லும் குழாயில் ஒரு தகட்டு வால்வு இருக்கும். அங்கு உண்டாகும் வெற்றிடம் ஒரு மென்சவ்வை (டயாஃப்ரத்தை) இழுத்து எரிபொருளைக் குறைக்கும். 1950-களின் ஃபோர்ட்சன் மேஜர் டீசல் டிராக்டர்களில் இது காணப்பட்டது. சவ்வு கிழிந்தாலோ வெற்றிடக் குழாய் கசிந்தாலோ எரிபொருளைக் குறைக்கும் விசை குன்றி, பொறியின் வேகம் ஏறும்.

மின்னணுச் சீராக்கி: வேக உணரியும் கணிப்பு அலகும் எரிபொருளை முடிவு செய்யும். இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 சனவரி 1 முதல் கடுமையான புகை நெறிகள் நடைமுறைக்கு வந்தபின் இம்முறை பரவியது. கீழ்க்காணும் பழுதறிமுறை இவ்வகைக்குப் பொருந்தாது.

கொங்கு நாட்டில் பயன்பாடு

சென்னிமலை, ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறை வட்டத்தில் உள்ள ஊராகும். கைத்தறிக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் சுற்றுப்புறங்களில் கீழ்பவானிக் கால்வாய்ப் பாசன நிலங்களும், மழையை நம்பிய செம்மண் காடுகளும் உள்ளன. நெல், மஞ்சள், நிலக்கடலை, சோளம் ஆகியவை இப்பகுதியின் பயிர்களுள் சில.

இங்கு ஒரே டிராக்டர் ஒரே பருவத்தில் பல வகைச் சுமைகளைத் தாங்குகிறது. சுக்காங்கல் கலந்த மேட்டாங்காட்டில் கொத்துக்கலப்பை (கல்டிவேட்டர்) இழுக்கும்போது சுமை நொடிக்கு நொடி மாறும். பின்பெட்டியில் (டிரெய்லரில்) கரும்போ மஞ்சளோ ஏற்றிச் செல்லும்போது சுமை மேடுபள்ளத்துக்கேற்ப மாறும். மஞ்சள் மெருகேற்றும் உருளை, கதிரடிக்கும் இயந்திரம், கிணற்றுப் பாறையைத் துளைக்க உதவும் காற்றழுத்தி (கம்ப்ரசர்) ஆகியவற்றுக்கு நெடுநேரம் சீரான வேகம் தேவை.

பின்கருவிகளை இயக்கும் திறன் எடுப்புத் தண்டின் (பி.டி.ஓ.) செந்தர வேகங்களுள் பரவலானது நிமிடத்துக்கு 540 சுற்றுகள் ஆகும். வேகம் குறைந்தால் தானியம் சரியாகப் பிரியாது. மிகுந்தால் தானியம் உடைவதோடு கருவியும் ஆபத்தாகும். ஆடிப் பட்டத்தில் மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் பழுதில்லாத பம்பைக் கழற்றி நகரப் பணிமனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது, விதைப்பையே தவறச் செய்யலாம்.

பழுதறியும் முறை

எளிதான சோதனையிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கவனித்தபின் அடுத்ததற்குச் செல்லுதல் நன்று.

1. பொறி நின்ற நிலையில்: கைநெம்புகோலையும் கால்மிதியையும் முழுதாக நகர்த்தி, பம்பின் மீதுள்ள கை இருபுற எல்லைத் திருகுகளையும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடவில்லையெனில் குறை இணைப்புத் தண்டில் உள்ளது. பின்னர் தண்டைப் பம்பிலிருந்து பிரித்துக் கையால் அசைத்துப் பார்த்தால், இறுக்கம் தண்டிலா பம்பிலா என்பது தெரியும். தேய்ந்த ஊசிகள், கழன்ற மீள்சுருள்வில், சேறு படிந்த மூட்டுகள் ஆகியவை இங்கேயே அகப்படும். நிறுத்தும் கம்பி (ஸ்டாப் கேபிள்) முழுதாகத் திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது பாதியில் நின்றால் எரிபொருள் எப்போதும் குறைவாகவே செல்லும்.

2. எரிபொருள் வழி: தொட்டி மூடியின் காற்றுத் துளை, வடிகட்டிகள், ஊட்டுப் பம்பு (ஃபீட் பம்ப்), குழாய் இணைப்புகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் உள்ள நுண்ணிய கசிவில் டீசல் வெளியே சொட்டாது. காற்றே உள்ளே புகும். ஒளிபுகும் குழாய் ஒன்றை இடையில் இணைத்தால் குமிழிகள் தெரியும். தூய டீசல் நிரம்பிய சிறு கலத்தைப் பொறியைவிட உயரத்தில் வைத்து, நேராகப் பம்புக்கு இணைத்து ஓட்டிப் பார்ப்பது மிகப் பயனுள்ள சோதனையாகும். குறை மறைந்தால் பம்பும் சீராக்கியும் குற்றமற்றவை.

3. காற்றை நீக்குதல்: வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஊட்டுப் பம்பின் கைப்பிடியை அசைத்து, குமிழியற்ற டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்க வேண்டும். அடுத்து, பம்பின் மீதுள்ள திருகுகளிலும் இவ்வாறே செய்ய வேண்டும். இறுதியாகத் தெளிப்பான் (நாசில்) குழாய்களின் மரைகளைத் தளர்த்திப் பொறியைச் சுழற்ற வேண்டும். ஓடும் பொறியின் தெளிப்பான் குழாய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும்; அக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனடி மருத்துவம் தேவைப்படும்.

4. வெற்றோட்டச் சோதனை: பொறி நன்கு சூடான பின் சுமையின்றிக் குறைந்த வேகத்திலும் உச்ச வேகத்திலும் ஓட்டி அளக்க வேண்டும். பழைய டிராக்டரின் வேகமானி பழுதுற்றிருந்தால், திறன் எடுப்புத் தண்டின் வேகத்தைக் கை வேகமானியால் அளந்து கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, பொறி 1800 சுற்றுகளில் ஓடும்போது தண்டு 540 சுற்றுகள் சுழலும் டிராக்டரில், தண்டின் வேகம் 600 எனில் பொறியின் வேகம் 2000 ஆகும். உரிய அளவுகளை அந்தந்த டிராக்டரின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

5. சுமைச் சோதனை: நெம்புகோலை நகர்த்தாமல் சுமையை ஏற்றி, ஒலியையும் புகையையும் கவனிக்க வேண்டும். சுமை ஏறும்போது கரும்புகை மிகுந்து வேகம் விழுந்தால், சீராக்கி எரிபொருளைக் கூட்டிவிட்டது என்று பொருள். குறை காற்று வடிகட்டி, தெளிப்பான், அமுக்கம், அல்லது மிகைச்சுமை ஆகியவற்றில் தேடப்பட வேண்டும். புகை ஏதும் மிகாமலே வேகம் விழுந்தால், எரிபொருள் வந்து சேரவில்லை. முதல் இரண்டு படிகளில் குறை காணப்படாவிடில், அப்போதுதான் சீராக்கியை ஐயுற வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

வேக ஊசல் (ஹண்டிங்): வேகம் சீரான இடைவெளியில் ஏறி இறங்குதல். எரிபொருளில் காற்று, அடைபட்ட வடிகட்டி, இணைப்புகளில் உராய்வு அல்லது தளர்வு, நெடுநாள் நின்ற டிராக்டரில் பிசுபிசுப்பேறிய அளவு வால்வு ஆகியவை காரணங்கள். ஏறி இறங்காமல் விட்டுவிட்டுத் தட்டும் ஓட்டம் பெரும்பாலும் ஒரு தெளிப்பானின் குறையாகும்.

சுமையில் மிகையான வேக வீழ்ச்சி: கை முழு எல்லையை எட்டாமை, எரிபொருள் பற்றாக்குறை, தளர்ந்த சீராக்கிச் சுருள்வில்.

வேகம் தணியாமை: மீள்சுருள்வில் உடைதல், கட்டுப்பாட்டுத் தண்டோ அளவு வால்வோ சிக்குதல், வெற்றிடச் சீராக்கியில் சவ்வுக் கிழிவு. இக்குறையோடு டிராக்டரை ஓட்டக் கூடாது.

மந்தமான எதிர்வினை: தனி எண்ணெய் கொண்ட வரிசைப் பம்புகளில், சீராக்கி உறையின் எண்ணெய் கெட்டியாதல் அல்லது குறைதல். எண்ணெய் மட்டம் தானாக உயர்ந்திருந்தால் உள்ளே டீசல் கசிகிறது எனலாம்.

முத்திரையிட்ட திருகு

குறைந்த வேகத் திருகைக் கையேட்டின்படி பயனரே சரிசெய்யலாம். உச்ச வேகத் திருகும் எரிபொருள் உச்ச அளவும் கம்பியாலும் ஈய முத்திரையாலும் பூட்டப்பட்டிருக்கும். கூடுதல் இழுவைக்காக முத்திரையை உடைத்துத் திருகை மாற்றும் பழக்கம் தீங்கானது. உச்ச வேகம் உயர்ந்தால் பொறியின் பாகங்கள் மட்டுமன்றி, 540 சுற்றுகளுக்கு வடிவமைக்கப்பட்ட பின்கருவியும் வரம்பு மீறிச் சுழலும். எரிபொருள் அளவைக் கூட்டினால் புகையும் வெப்பமும் மிகுந்து உந்துருளை (பிஸ்டன்) கெடும். இவ்விரண்டும் பம்புச் சோதனை மேசையில் (டெஸ்ட் பெஞ்சில்) அளவு பார்த்தே அமைக்கப்பட வேண்டியவை. சுருள்வில், எடைகள், வால்வு ஆகியவற்றை மாற்றும் பணியும் அங்கேயே செய்யப்படும். பம்பைக் கழற்றும்போது அதன் இணைப்பு விளிம்பில் நேரக்குறி இடப்பட்டுள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் கீறிக்கொள்ள வேண்டும்.

கட்டுமீறிய ஓட்டம்

பொறி கட்டுப்பாடின்றி வேகமெடுத்தால் நிறுத்தும் கம்பியை உடனே இழுக்க வேண்டும். அது பயன் தராவிடில் காற்றை அடைப்பதே உறுதியான வழி: காற்று உட்புகும் வாயைத் தட்டையான பலகையால் மூட வேண்டும். வெறுங்கையால் மூடுவது ஆபத்தானது. விசிறிக்கும் சமனுருளிக்கும் (ஃபிளைவீலுக்கும்) நேராக எவரும் நிற்கக் கூடாது.

இவ்வோட்டத்துக்கு எப்போதும் சீராக்கியே காரணம் அன்று. பழைய டிராக்டர்களில் உள்ள எண்ணெய்க் காற்று வடிகட்டியில் குறியளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால், பொறி அவ்வெண்ணெயை உறிஞ்சி எரித்து வேகமெடுக்கும். அப்போது டீசலை நிறுத்தினாலும் பொறி நிற்காது. காற்றை அடைத்தால் மட்டுமே நிற்கும். ஆகவே பம்பு வேலைக்குப்பின் பொறியை முதன்முறை இயக்கும்போது, பலகையுடன் ஒருவர் காற்று வாயருகே நிற்பது நல்ல வழக்கமாகும்.

பேணுதல்

சுழல் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே மசகாகவும் பயன்படுகிறது. எனவே நீர் கலந்த டீசல் அதனை விரைவில் அரிக்கும். நீர் பிரிகலத்தை வடித்தல், வடிகட்டியைக் காலத்தில் மாற்றுதல், வேலை முடிந்த மாலையிலேயே தொட்டியை நிரப்பி இரவில் நீராவி படியாமல் காத்தல், இணைப்பு மூட்டுகளுக்கு எண்ணெய் இடுதல் ஆகியவை சீராக்கியின் ஆயுளை நீட்டிக்கும். நெடுநாள் நிறுத்தி வைக்கும் டிராக்டரை இடையிடையே ஓட்டினால் அளவு வால்வு சிக்காமல் இருக்கும்.

இவற்றையும் பார்க்க

டீசல் பொறி
உழவு இயந்திரம்
மையவிலக்கு விசை
கட்டுப்பாட்டியல்
கீழ்பவானித் திட்டம்
சென்னிமலை